செம்பின் பிடி

750 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு வீட்டு மின்சாரத்தில் சுமார் 3.3 ஆம்பியர் போதும். அதே 750 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 62 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். படகின் டீசல் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு இது எந்த மூலைக்கும் காணாது. நடுத்தர எஞ்சினே 200, 300 ஆம்பியர் இழுக்கும். நின்றிருக்கும் மோட்டார் முதலில் அசையும் அந்தக் கணத்தில் இன்னும் கூடுதலாக இழுக்கும். வோல்ட் குறைவாக இருப்பதால் ஆம்பியர் ஏறுகிறது. ஆம்பியர் ஏறுவதால் கேபிள் பருக்கிறது. அதனால்தான் படகின் பேட்டரிக் கேபிள்கள் 35, 50, 70 சதுர மில்லிமீட்டர் என்று கட்டைவிரல் கனத்தில் இருக்கின்றன.

கேபிள் எவ்வளவு தடிமன், செம்பு அசலா என்றெல்லாம் விசாரித்து வாங்குகிறவர்கள்கூட அதன் இரண்டு நுனியிலும் மாட்டும் லக் என்ற செம்பு முனையைப் பற்றி அவ்வளவு கேட்பதில்லை. கடையில் கொடுத்ததை வாங்கி, கேபிளைச் செருகி, சுத்தியலால் நாலு போடு போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த மின்சுற்றில் கோளாறு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் கேபிளின் நடுப்பகுதி அல்ல, இந்த நுனிகள்தான். அங்கே செம்பு செம்பை எப்படிப் பிடிக்கிறது என்பதில் சுவையான இயற்பியல் இருக்கிறது.

மில்லி ஓம் கணக்கு

50 சதுர மில்லிமீட்டர் நெகிழ் செம்புக் கேபிளின் மின்தடை மீட்டருக்கு சுமார் 0.39 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகவும் திரும்பவும் மொத்தம் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2.3 மில்லி ஓம். 300 ஆம்பியர் ஓடும்போது கேபிள் தின்பது 0.7 வோல்ட். 12 வோல்ட்டில் இது தாங்கக்கூடிய இழப்பு.

இப்போது இணைப்புகளை எண்ணுவோம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மெயின் ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்சிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, எஞ்சின் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு ஒன்று. மூன்று கேபிள், ஆறு லக். ஒவ்வொரு லக்கிலும் மின்சாரம் இரண்டு முறை தாவுகிறது: கேபிள் இழைகளிலிருந்து லக்கின் குழலுக்கு ஒரு முறை, லக்கின் தட்டையான முகத்திலிருந்து போல்ட்டு முனைக்கு ஒரு முறை. ஆக, 12 இடங்களில் உலோகத்திலிருந்து உலோகத்துக்குத் தாவல். 24 வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தால் இன்னும் நான்கு.

லக்கின் குழலுக்குள் போகும் கேபிள் சுமார் 30 மில்லிமீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு அந்தக் கேபிளின் சொந்தத் தடை 12 மைக்ரோ ஓம். நன்றாக அழுத்திய லக்கின் தடையும் ஏறத்தாழ அந்த அளவிலேயே இருக்க வேண்டும். 300 ஆம்பியரில் அது சில மில்லி வோல்ட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். 12 இணைப்புகளில் ஒன்று மட்டும் கெட்டு 5 மில்லி ஓம் ஆகிவிட்டால், அந்த ஓர் இடத்தில் மட்டும் 1.5 வோல்ட் விழும். 450 வாட் சூடு கட்டைவிரல் அளவு செம்புத் துண்டில் இறங்கும். தடை ஏறும்போது மின்னோட்டம் கொஞ்சம் குறையும் என்பதைக் கழித்தாலும், லக்கின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உருக அது போதும். இதே 5 மில்லி ஓம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் இருந்திருந்தால் 0.02 வோல்ட்கூட விழாது. யாருக்கும் தெரியாமலே காலம் ஓடியிருக்கும்.

தொடும் இடம் எவ்வளவு?

பளபளவென்று மெருகேற்றிய இரண்டு செம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டியிருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு பலாப்பழங்களைத் தோலோடு தோலாக அணைத்து வைத்தது போல மேடுகளின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். 1939-இல் பௌடன், டேபர் என்ற இரு ஆய்வாளர்கள் உலோகங்களுக்கு இடையே மின்சாரத்தைச் செலுத்தி அளந்து, உண்மையில் தொடும் பரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பங்குதான் என்று காட்டினார்கள்.

அந்தச் சிறு பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தகட்டின் அகலம் அல்ல, அழுத்தம். ஒரு மேட்டின் நுனியில் சுமை ஏறும்போது அது நசுங்கி விரிகிறது. சுமையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு கிடைத்ததும் நசுங்குவது நிற்கிறது. மென்செம்பு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ எடைவரை தாங்கும். ஆகவே 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிடைக்கும் உண்மையான தொடுபரப்பு 2 சதுர மில்லிமீட்டர். தகடு தபால்தலை அளவானாலும் உள்ளங்கை அளவானாலும் கணக்கு இதுதான். பரப்பு வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சுவீடனில் பிறந்து பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ராக்னர் ஹோல்ம். அகலமான உலோகத்தில் பரவி ஓடும் மின்சாரம் குறுகலான தொடுபுள்ளி வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வரும் தடையை அவர் கணக்கிட்டார். வட்டமான ஒரு புள்ளிக்கு அந்தத் தடை, உலோகத்தின் தன்தடையைப் புள்ளியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். செம்பில் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு புள்ளி என்றால் 0.17 மில்லி ஓம்.

அவரது ஆய்விலிருந்து கிடைக்கும் இன்னொரு முடிவுதான் படகுக்காரருக்கு நேரடியாகப் பயன்படுவது. செம்பில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமக்கின்றன. இரண்டுக்கும் உள்ள இந்த உறவை வீடெமான், ஃபிரான்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் 1853-இலேயே கண்டிருந்தார்கள். அதன் விளைவாக, சுத்தமான உலோகமும் உலோகமும் தொடும் புள்ளியில் எவ்வளவு சூடு ஏறும் என்பதற்குப் புள்ளியின் அளவு தேவையில்லை, ஓடும் ஆம்பியரும் தேவையில்லை. அந்தப் புள்ளியின் இரு பக்கத்துக்கும் இடையே விழும் வோல்ட் மட்டும் தெரிந்தால் போதும். செம்புக்கு 0.12 வோல்ட் விழுந்தால் புள்ளியிலுள்ள உலோகம் இளகத் தொடங்கும். 0.43 வோல்ட் விழுந்தால் உருகும். மீட்டரில் தெரியும் அந்தச் சின்ன எண் ஒரு வெப்பமானியின் அளவீடும்தான்.

புள்ளி மிகச் சிறியதாகையால் சூடேற நேரமே ஆகாது. செல்ஃப் சுற்றும் ஓரிரு நொடி தாராளம். சூடான புள்ளியைச் சுற்றியுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். கறுத்த இடம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மிஞ்சிய புள்ளிகளில் நெரிசல் கூடும், அவையும் சூடாகும். கெடத் தொடங்கிய இணைப்பு தானாகச் சரியாவதில்லை என்பதற்குக் காரணம் இந்தச் சுழல்.

நசுக்குவதன் நுட்பம்

50 சதுர மில்லிமீட்டர் நெகிழ் கேபிளில் 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகள் ஏறத்தாழ 400 இருக்கும். எல்லாம் சேர்ந்த கட்டு சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம். அந்த வட்டத்தின் பரப்பு 78 சதுர மில்லிமீட்டர். அதில் செம்பு 50 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் காற்று. லக்கின் குழலுக்குள் கேபிளைச் செருகியதும் நம் கையில் இருப்பது செம்பும் காற்றும் கலந்த ஒரு கட்டுதான்.

கிரிம்ப் செய்வது என்றால் இந்தக் காற்றை வெளியேற்றுவது. அறுகோண டை வைத்த ஹைட்ராலிக் கருவி பல டன் விசையோடு குழலைச் சுற்றிலும் ஒரே சீராக நெருக்குகிறது. வட்டமான இழைகள் இடைவெளியை நிரப்பிக்கொண்டு பல பட்டைகளாக நசுங்குகின்றன. நசுங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து நகர்வதால் மேலே படிந்திருந்த ஆக்சைடு படலம் கிழிந்து புதுச் செம்பு வெளிப்படுகிறது. புதுச் செம்பும் புதுச் செம்பும் இவ்வளவு அழுத்தத்தில் சந்தித்தால் பல இடங்களில் உருகாமலேயே ஒட்டிக்கொள்ளும். காற்றும் ஈரமும் நுழைய இடமில்லாததால் அந்த ஒட்டுகள் கறுப்பதில்லை.

கருவியை எடுத்த பிறகும் அந்த அழுத்தம் எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. எந்த உலோகமும் நசுக்கி விட்டால் மயிரிழையளவு பின்வாங்கும். நல்ல லக்கின் குழல் சூடேற்றிப் பதப்படுத்திய மென்செம்பால் ஆனது. வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், குறைவாகவே திரும்பும். உள்ளே நசுங்கிய இழைகளோ நசுங்கும்போதே கடினப்பட்டு, அதைவிடச் சற்று அதிகம் விரியப் பார்க்கின்றன. விரிய இடமில்லை, குழல் தடுக்கிறது. அந்த இழுபறியே இணைப்பின் பிடி. வெளியிலிருந்து யாரும் இறுக்காமலே, இழைகள் குழலைத் தள்ளிக்கொண்டும் குழல் இழைகளை நெருக்கிக்கொண்டும் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

குறைவாக நசுக்கினால் காற்று மிஞ்சும். அளவுக்கு மீறி நசுக்கினால் இழைகள் மெலிந்து, இழுத்தால் குழலின் வாயிலேயே அறுந்துவிடும். லக், கேபிள், டை மூன்றும் ஒரே அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அழுத்திய லக்கின் இரு பக்கமும் மெல்லிய காதுகள் போலச் செம்பு பிதுங்கியிருந்தால், அந்த லக்குக்கு டை சிறியது என்று அர்த்தம்.

சுத்தியலும் உளியும் கொண்டு அடித்த லக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய லக் ஒன்றை ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை எமரித் தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடி விழுந்த பக்கம் இழைகள் தட்டையாகி இருக்கும். எதிர்ப்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் இழைகள் வட்டம் மாறாமல், இடையிடையே கறுத்த பொந்துகளோடு நிற்கும். ஹைட்ராலிக் டையில் அழுத்திய நல்ல லக்கை அதேபோல் அறுத்துத் தேய்த்தால் இழை எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வதே கடினம். முழுக்கச் செம்பாகத் தெரியும்.

இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்ததில் கப்பலுக்கும் விமானத்துக்கும் நேரடிப் பங்குண்டு. 1941-இல் அமெரிக்காவில் அன்கஸ் விட்டக்கர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ஏர்கிராஃப்ட் மரைன் புராடக்ட்ஸ். ஈயம் வைக்காமல் அழுத்தி மட்டும் மாட்டும் முனைகளை இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்து தந்தது அது. ஏஎம்பி என்ற பெயரில் பின்னர் உலகெங்கும் அறியப்பட்டதும் அதே நிறுவனம்தான்.

ஈயம் வைத்தால் என்ன?

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் லக்குக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றிக் கேபிளை இறக்குவார்கள். இதைக் குறைசொல்லும் முன் அதன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசின் தன்தடை செம்பைப்போல் எட்டு, ஒன்பது மடங்கு. ஆனால் அது மெல்லிய படலமாகப் பெரிய பரப்பில் பரவுவதால் மின்சாரத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஈரம் உள்ளே போகவும் விடாது. கையில் எடுத்துப் பார்க்கும்போது ஈயம் வைத்த லக் குறையே இல்லாததாகத்தான் தெரியும்.

சிக்கல் பிடியில் இருக்கிறது. ஓர் உலோகம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது சுமையின் கீழ் மெல்ல மெல்ல நழுவும். மின்சார வேலைக்கான பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். தனிவெப்ப அளவில் 456 கெல்வின். 30 டிகிரி வெயில் நாள் என்பது 303 கெல்வின். ஆக, சும்மா இருக்கும்போதே அது தன் உருகுநிலையில் 66 விழுக்காட்டில் இருக்கிறது. எஞ்சின் அறையில் இன்னும் மேலே. செம்பின் உருகுநிலை 1358 கெல்வின். அதே நாளில் அது 22 விழுக்காட்டில்தான் இருக்கிறது. பாதி உருகுநிலையைத் தாண்டிய உலோகம் அழுத்தத்தைத் தேக்கி வைக்காது. நாளடைவில் நெகிழ்ந்து கொடுத்துவிடும். செம்பு தேக்கி வைக்கும்.

இழைகளை முதலில் ஈயத்தில் தோய்த்துக் கட்டியாக்கிவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்வது தவறு என்பதற்கும் இதுதான் காரணம். இறுக்கியது ஈயத்தைத்தான், செம்பை அல்ல. ஈயம் நெகிழ்ந்ததும் லக் தளரும். நாசாவின் பணித்தர விதிகள் அப்படித் தோய்த்த இழைகளைக் கிரிம்ப் செய்வதைத் தடைசெய்திருக்கின்றன. இழைமேல் சில மைக்ரான் கனத்தில் வெள்ளீயம் பூசிய கடல்தரக் கேபிள் வேறு விஷயம். அந்தப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தத்தில் நசுங்கிச் செம்போடு செம்பு சேர்ந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அதிர்வு. உருகிய ஈயம் நுண்துளை ஈர்ப்பால் இழைகளுக்கு இடையே ஏறி, பிளாஸ்டிக் உறைக்கு அடியிலும் கொஞ்ச தூரம் போய் நிற்கும். அதுவரை கேபிள் கம்பியாக விறைத்துவிடும். அதற்கப்பால் நெகிழ்ந்து ஆடும். எஞ்சின் அதிரும் ஒவ்வொரு முறையும் வளைவு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து விழும். 400 இழைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கேயே அறும், அதுவும் உறைக்குள், கண்ணுக்குத் தெரியாமல்.

மூன்றாவது, எந்தக் காரணத்தாலாவது லக் 183 டிகிரிக்குச் சூடாகிவிட்டால் ஈயம் உருகி, கேபிள் கழன்று, மின்சாரத்தோடு கீழே விழும். ஃபியூஸ் இல்லாத பேட்டரிக் கேபிள் எஞ்சினைத் தொட்டால் தீப்பொறி, கீழ்த்தட்டில் டீசல் கசிவு. மேலே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படகு மின் இணைப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்புகூட இந்த இடத்தில் ஒரு விலக்கு தருகிறது. மற்ற இணைப்புகளில் ஈயம் மட்டுமே பிடிமானமாக இருக்கக் கூடாது என்று சொல்லும் அதன் விதி, பேட்டரி லக்கில் மட்டும் ஈயம் பற்றும் நீளம் கேபிள் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருந்தால் அனுமதிக்கிறது. செய்யவே கூடாத வேலை இல்லை. அதிரும் படகில் இரண்டாந்தர வேலை.

உப்பும் ஈரமும்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெறும் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரக் காற்று அவ்வளவு உலர்வதே அபூர்வம். அதனால் லக்கின்மேல் ஒரு முறை தெறித்த உப்புநீர் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் படலமாக ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் செம்பு பச்சைக் களிம்பு கட்டும். போதாததற்குப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் அமில ஆவி.

லக்கின் வாயில் விழுந்த ஒரு சொட்டு அங்கேயே நிற்பதில்லை. இழைகளுக்கு இடையே உள்ள சந்துகள் திரி எண்ணெயை ஏற்றும் அதே விசையால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய கேபிளின் உறையைச் சீவினால் ஒரு சாணுக்கு அப்பால்கூட இழைகள் கறுத்திருப்பதற்கு இதுவே காரணம். வெள்ளீயம் பூசிய இழை, உட்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இரண்டும் கடலில் அவசியம். அந்த ஸ்லீவ் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பிளாஸ்டிக். சூடாக்கி விரித்து, விரித்த நிலையில் குளிர வைத்து விற்கிறார்கள். மறுபடி சூடு காட்டினால் பழைய அளவுக்குச் சுருங்கி, உருகிய பசையை லக்குக்கும் உறைக்கும் நடுவே நெருக்கிவிடும். பரிசோதனைத் துளை இல்லாத, முனை மூடிய லக்காக இருப்பதும் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பக்கமாக ஈரம் ஏறும்.

வேலை நடக்கும் முறை

கேபிளைச் செங்குத்தாக வெட்ட கேபிள் கட்டர் தேவை. ஹாக்சா போட்டால் இழைகள் சிலும்பிக்கொண்டு குழலுக்குள் போகாது. குழலின் ஆழத்தை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக உறையைச் சீவ வேண்டும். பிளேடு செம்பைத் தொடக் கூடாது. இழையில் விழும் ஒவ்வொரு கீறலும் பின்னாளில் அறுபடப் போகும் இடம். வெளிவந்த செம்பு இளஞ்சிவப்பாகவோ, வெள்ளீயப் பூச்சென்றால் வெள்ளியாகவோ இருக்க வேண்டும். கறுத்திருந்தால் நல்ல நிறம் வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வரவே இல்லையென்றால் அந்தக் கேபிளுக்கு லக் அடித்துப் பயனில்லை.

ஸ்லீவை முதலில் கேபிளில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் லக்கைச் செருக வேண்டும். எல்லா இழைகளும் உள்ளே போய் முட்ட வேண்டும். போகவில்லை என்பதற்காக ஓரத்து இழைகளைக் கத்தரித்து மெலிய வைப்பதும், லக் பெரிதாக இருப்பதால் இழைகளை மடித்துத் திணிப்பதும் கடைகளில் நடப்பதுதான். முதலாவதில் செம்பு குறைகிறது, இரண்டாவதில் காற்று கூடுகிறது. நுண்ணிழைக் கேபிளின் கட்டு சற்றுப் பருமனாக இருக்கும். அதற்கேற்ற லக்கை வாங்குவது ஒன்றே வழி.

இரண்டாவது நுனியில் அழுத்துவதற்கு முன் ஒரு கவனம் வேண்டும். கனத்த கேபிள் முறுக்கிக்கொடுக்காது. இரண்டு லக்கின் தட்டை முகங்களும் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று படகில் வைத்துப் பார்த்து மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தட்டை முகத்தின் பக்கத்திலிருந்து தொடங்கி, கேபிள் பக்கமாக ஒன்றை ஒட்டி இன்னொன்றாக அழுத்தி வர வேண்டும். பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 67 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு ஏபிஒய்சி கேட்பது ஒரு நிமிடம் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ இழுவை. ஓர் ஆள் தொங்கினாலும் கழலக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஸ்லீவை இறக்கி, இரு ஓரத்திலும் பசை கோடாகப் பிதுங்கும்வரை சூடு காட்டினால் முடிந்தது.

போல்ட்டு முனையில்

லக்கின் தட்டை முகம் போய் உட்காரும் இடத்திலும் கதை அழுத்தம்தான். அடிக்கடி காணும் பிழை, லக்குக்கும் முனைக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகு வாஷரைப் போடுவது. அந்த எஃகின் தன்தடை செம்பைப்போல் 40 மடங்கு. வாஷரின் கனம் பொருட்டே அல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் எஃகு சேர்க்கும் தடை சில மைக்ரோ ஓம்தான். தொல்லை தொடுபுள்ளிகளில் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் எஃகு என்றால் அதே அளவு புள்ளியின் தடை ஹோல்மின் கணக்குப்படி சுமார் 20 மடங்கு ஏறும். எஃகின் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் தனி. ஒரு தாவல் இருந்த இடத்தில் இரண்டு தாவல் ஆகிவிட்டது வேறு. லக் நேராக முனைமேல், அதிக மின்சாரம் எடுக்கும் லக் எல்லாவற்றுக்கும் அடியில், வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் நட்டுக்குக் கீழே மட்டும் என்பதே சரியான வரிசை.

பேட்டரியின் முனை ஈயம். அதன் உருகுநிலை 327 டிகிரி, அதாவது 600 கெல்வின். 30 டிகிரி நாளில் அது பாதித் தூரத்தில் நிற்கிறது. ஆகவே ஈய முனையும் இறுக்கத்தின் கீழ் மெல்ல நழுவும். சரியாக இறுக்கிய டெர்மினலே சில மாதங்களில் தளர்ந்திருப்பதற்கு முடுக்கியவரைக் குறைசொல்ல முடியாது. வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கினால் ஈயம் இன்னும் வேகமாக நழுவும், முனையே பிடுங்கிக்கொள்ளவும் கூடும்.

மீட்டர் சொல்வது

சாதாரண மல்டிமீட்டரால் மில்லி ஓமை அளக்க முடியாது. அதன் வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. ஆனால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையே சோதனைக் கருவியாக்கலாம். எஞ்சின் கிளம்பாதபடி டீசலை நிறுத்திவிட்டு ஒருவர் சில நொடிகள் செல்ஃப் போட வேண்டும். இன்னொருவர் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரியின் ஈய முனையிலேயும் மற்றொன்றை அதன்மேல் உட்கார்ந்திருக்கும் லக்கிலேயும் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மில்லி வோல்ட் காட்டினால் நல்லது. 0.1 வோல்ட்டை நெருங்கினால் அந்த இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். அதற்கு மேல் செம்பு இளகும் எல்லை எவ்வளவு அருகில் என்று முன்பே பார்த்தோம்.

அடுத்து ஒரு கேபிளின் இந்த நுனி லக்கிலிருந்து அந்த நுனி லக்கு வரை. 2 மீட்டர் நீள 50 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 300 ஆம்பியருக்கு 0.23 வோல்ட் விழுவது இயல்பு. மீட்டர் 0.6 காட்டினால் மிச்சத்தை இரண்டு லக்குகளோ உள்ளே அறுந்த இழைகளோ தின்கின்றன. இந்தியாவின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலையும் பெயின்ட் வேலையும் நடக்கும். இந்தச் சோதனையை அப்போதே செய்துவிடலாம்.

சோதனையில் தோற்றது டெர்மினல் என்றால் ஒரு ஸ்பேனரும் எமரித் தாளும் போதும். தோற்றது லக்கின் குழல் என்றால் அதன்மேல் மறுபடி அடிப்பதில் பயனில்லை. உள்ளே கறுத்துப்போன இழைகள் அழுத்தினாலும் ஒட்டாது. வெட்டி எறிந்துவிட்டுப் புது லக்கோடு தொடங்க வேண்டும். போல்ட்டை எத்தனை முறையும் இறுக்கலாம், ஈய முனை தளர்ந்தால் திரும்ப முடுக்கலாம். குழலுக்குள் மட்டும் அழுத்தம் ஒரே ஒரு முறைதான் ஏறும், அது அங்கேயே இருந்து காலம் முழுக்க வேலை செய்ய வேண்டும். கையில் ஹைட்ராலிக் கருவி இல்லாதவர் கேபிளை அளந்து, திசைக்கோடு போட்டு, அது இருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போய் அழுத்தி வருவது வீண் அலைச்சல் ஆகாது.